அரிவாள்மனை யாருக்குச் சொந்தம்?

பெண் பார்க்க வருகிறார்கள். தட்டில் பஜ்ஜி, தம்ளரில் காப்பி. வந்த பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்கிறார்: “பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமோ?” பெண் பொறியியல் பட்டம் பெற்றவளாக இருக்கலாம், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஐம்பது பேரை வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கலாம், ஆவடியிலிருந்து அன்றாடம் மின்சார ரயிலில் நசுங்கிச் சென்று ஊதியம் கொண்டுவருபவளாக இருக்கலாம். எவளாயினும் அந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. சரி, கேட்கட்டும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் எழுந்து, “மாப்பிள்ளைக்குக் கத்தரிக்காய் நறுக்கத் தெரியுமோ?” என்று திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும்? கூடத்தில் சிரிப்பு எழும். மாப்பிள்ளை சிரிப்பார், மாப்பிள்ளையின் தாயார் சிரிப்பார், பெண்ணின் தாயாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

கத்தி பிடித்துக் காய் நறுக்கத் தெரிவது வாழ்க்கைக்கு இன்றியமையாத திறன்தானா என்றொரு வினா இந்நாளில் எழுப்பப்படுகிறது. ‘வாழ்க்கைத் திறன்’ என்ற சொல்லே பள்ளிக்கூடங்களில் இப்போது பெருமதிப்புப் பெற்றுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் இத்திறன்களைப் பத்தாக வகுத்தது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, ஆய்வுச் சிந்தனை, கருத்துணர்த்தல், உறவு பேணல், தன்னையறிதல், பிறர் துயர் உணர்தல், உணர்ச்சியைக் கையாளல், மன அழுத்தத்தைக் கையாளல் – பத்தும் நல்லவையே, மறுப்பாரில்லை. பட்டியலைப் படித்து முடிக்கும்போது நமக்கொரு நினைவு வருகிறது: இவ்வளவையும் கற்றுத் தேர்ந்த ஒருவன் மாலையில் வீடு திரும்பினால் அவனுக்குப் பசிக்கும்! தன்னையறிந்தவனுக்கும் பசிக்கும், தன்னையறியாதவனுக்கும் பசிக்கும். பசிக்கும் வயிற்றுக்குச் சோறிடும் திறன் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் உள்ளத்தைப் பற்றியது, உடலைப் பற்றியதன்று என்று விளக்கம் சொல்வர். ஏற்கலாம். எனினும் சோறு தானாக வந்துவிடும் என்ற எண்ணம் எவருக்கு எளிதில் வரும்? இதுவரை அது எவர் முன்னால் தானாக வந்து நின்றதோ அவருக்கு!

இந்த எண்ணத்தை நம் இலக்கியம் எப்படி வளர்த்தது என்று பார்ப்போம்.

சமையலில் சிறந்ததை ‘நளபாகம்’ என்கிறார்கள். அதற்கடுத்துப் ‘பீமபாகம்’ என்கிறார்கள். இரண்டும் ஆண்பெயர். கோடானுகோடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புகையில் வெந்து சமைத்த நாட்டில், சமையற்கலைக்குச் சூட்டப் பெண்பெயர் ஒன்று அகப்படவில்லை! போகட்டும். அந்த நளனும் பீமனும் எப்போது கரண்டி பிடித்தார்கள்? நளன், நாடிழந்து உருமாறி, இருதுபன்ன மன்னனிடம் வாகுகன் என்ற பெயரில் பணியாளாக ஒளிந்திருந்தபோது. பீமன், பதின்மூன்றாம் ஆண்டில் தன்னை எவரும் அறியக்கூடாதென்று விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் மறைந்திருந்தபோது. அதாவது வீரன் தன் அடையாளத்தை மறைக்க வேண்டுமானால் சமையற்காரனாவான். அந்த வேடத்தில் அவனை எவரும் தேடமாட்டார்கள்! அரசு திரும்பக் கிடைத்ததும் கரண்டி கீழே விழுந்துவிடும். புராணிகர் இதைச் சுவையாகச் சொல்லிப் போகிறார். ஆணுக்கு அடுக்களை மாறுவேடம், பெண்ணுக்கு அதுவே முகம் என்ற பாடத்தைக் கேட்பவர் நெஞ்சில் பதித்துவிட்டுத்தான் போகிறார்.

புராணத்தை விடுங்கள், நம் சங்க இலக்கியம் அப்படியா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு நமக்கெல்லாம் உவப்பானது. புதுமணப்பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலால் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருக்கிறாள். தாளிதப் புகை அவள் கண்ணில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்து இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அழகான பாட்டு என்பதில் ஐயமில்லை. பாட்டைப் பாடியவரை நாம் குறை சொல்லவில்லை. அவர் கண்ணில் நிறைந்த புகையைக் கண்டார், அழுக்கான ஆடையையும் கண்டார், கண்டதை ஒளிக்காமல் எழுதினார். நம் வழக்கு, பாட்டுக்குப் பொருள் சொல்லும் மேடைப் பேச்சாளர்களோடு. அவர்கள் புகையைத் தாண்டி, ஆடையைத் தாண்டி, முகமலர்ச்சியில் போய் அமர்ந்துகொள்கிறார்கள். “இதுவன்றோ தமிழ்ப் பெண்மை!” என்று கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தப் பாட்டில் கணவன் செய்த வேலை என்ன? உண்டான், இனிது என்றான். இரண்டாயிரம் ஆண்டாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான். சிலர் அந்த ‘இனிது’ என்ற சொல்லையும் மிச்சம் பிடித்துக்கொண்டார்கள்!

புதிய எழுத்து விழித்துக்கொண்டது. 1988இல் வெளிவந்த அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற தொகுப்பும் அதன் தலைப்புக் கதையும் இதற்குச் சான்று. பெரிய வீடு, பெரிய குடும்பம், ஓயாத விருந்து. அத்தனைக்கும் ஊற்றான அடுக்களை மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. வீட்டின் வரைபடமே வீட்டின் நீதியைச் சொல்லிவிடும் என்பதை அக்கதை நமக்குக் காட்டியது.

திரைக்கு வந்த படைப்புகளில் நம் வினாவுக்கு மிக நெருங்கியது, 2021 ஜனவரியில் மலையாளத்தில் வெளிவந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. இயக்கியவர் ஜியோ பேபி. தமிழில் ஆர். கண்ணன் இயக்கத்தில் 2023இல் மீண்டும் எடுக்கப்பட்டது. இந்தப் படத்தைப் பற்றி அப்போதே பலர் எழுதினார்கள். நாம் நறுக்குதல் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறோம்.

படத்தில் வரும் பெரும் ஓசை கத்தியின் ஓசை. காய் அரிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, எண்ணெய் பொரிகிறது, பாத்திரம் துலக்கப்படுகிறது. மறுநாள் மறுபடியும் காய் அரிபடுகிறது. முதலில் இந்தக் காட்சிகளைக் கண்டு நாவூறுகிறது. சமையலின் அழகைத்தான் காட்டுகிறார்கள் போலும் என்று எண்ணுகிறோம். பத்துமுறை பார்த்தபின் நாவு ஊறுவதில்லை, கை வலிக்கிறது. இதைத்தான் நாம் இயக்குநரின் வெற்றி என்போம். பேச்சே இல்லாமல் பார்ப்பவன் தோளில் அந்த வலியை ஏற்றிவிட்டார். மாமனார் குக்கர் சோறு ஆகாது, விறகடுப்பில் வடித்த சோறுதான் வேண்டும் என்பார். கணவனோ பள்ளியில் குடும்பம் என்னும் அமைப்பைப் பற்றி மாணவியர்க்குப் பாடம் நடத்துகிறவன்! அடுக்களைத் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. அதைப் பழுது பார்க்க ஆளழைக்க அவனுக்கு நேரமில்லை.

ஒருநாள் வீட்டு ஆண்கள், “இன்று பெண்களுக்கு ஓய்வு, சமையல் எங்கள் பொறுப்பு” என்று அடுக்களைக்குள் புகுகிறார்கள். ஆரவாரமாகச் சமைக்கிறார்கள். உண்டு, புகழ்ந்துகொள்கிறார்கள். அடுக்களை போர்க்களமாகக் கிடக்கிறது; அதை அள்ளிக் கழுவுகிறவள் அவள்தான். இந்தக் காட்சி சிறியதுதான். ஆனாலும் இன்று முற்போக்கு பேசும் ஆடவர் பலர் தம் முகத்தை இதிலே பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறன்று பிரியாணி செய்து படமெடுத்துப் போடும் திறனை நாம் வாழ்க்கைத் திறனில் சேர்ப்பதில்லை, அது திருவிழா. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, எவரும் பாராத வேளையில், பள்ளிக்குப் போகும் குழந்தையின் டப்பாவுக்காகக் கேரட் நறுக்குவதே திறன்.

இறுதியில் அவள் அழுக்குத் தண்ணீரை அவர்கள் மேல் வீசிவிட்டு வெளியேறுகிறாள். தாய்வீடு வருகிறாள். அங்கே தம்பி வந்து தண்ணீர் கேட்க, தாய் இளையவளை எடுத்துவரச் சொல்ல, “நீயே எடுத்துக் குடிக்கக் கூடாதா?” என்ற பொருளில் சீறுகிறாள். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. கணவன் என்னவானான்? மறுமணம் செய்துகொண்டான். அதே வீடு, அதே அடுக்களை, இன்னொரு பெண்.

இந்த முடிவுதான் நம் வினாவுக்கு விடை சொல்கிறது. அவனுக்குக் காய் நறுக்கத் தெரியாது. தெரியாததால் அவன் பட்டினி கிடந்தானா? இல்லை. தெரியாமையால் அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒருத்தி போனாள், ஒருத்தி வந்தாள். தெரியாமை அவனுக்கு ஊனமன்று, சொத்து! நிலம்போல, நகைபோல, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் பரம்பரைச் சொத்து. “எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது” என்று நம்மூர் ஆடவர் சொல்லும்போது குரலில் வெட்கமா இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், பெருமை இருக்கும்! கையெழுத்துப் போடத் தெரியாததை எவராவது இப்படிப் பெருமையாகச் சொல்வாரா? பெண் பார்க்கும் கூடத்தில் எழுந்த சிரிப்பின் பிறப்பிடமும் இதுவே. பண்ணையாரைப் பார்த்து, “உமக்கு ஏர் பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டால் பண்ணையாட்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

படத்தில் நமக்குள்ள குறை ஒன்றுண்டு. தம்பி திட்டு வாங்கியதோடு காட்சி முடிகிறது. மறுநாள் அவன் கத்தியைத் தொட்டானா? அந்தக் காட்சி இல்லை. அடுக்களையை விட்டு வெளியேறும் பெண்ணைக் காட்டக் கலைக்குத் துணிவு வந்துவிட்டது. அடுக்களைக்குள் நுழையும் ஆணை, கேலிப்பொருளாக்காமல் காட்டும் துணிவும் வரவேண்டும்.

“ஆணின் கைக்கு அது வராது, இயற்கை அப்படி” என்போர்க்கு ஏட்டைக் காட்ட வேண்டியதில்லை. நம் மேற்குப் புறநகரையே சுற்றிக் காட்டலாம்.

1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒற்றை அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளரைப் பாருங்கள். முறை வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். உருளைக்கிழங்கைத் தோல்சீவி ஒரே அளவாகத் துண்டுபோடுகிறார்கள். ஊரில் தாயோ மனைவியோ இருந்தவரையில் அவர்களில் பலர் கத்தியைத் தொட்டிருக்க மாட்டார்கள். இயற்கையா கற்றுக்கொடுத்தது? ஆள் இல்லாமை கற்றுக்கொடுத்தது. ஆவடியில் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது, தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. அத்தகைய படைகளின் சமையற்கூடங்களில் மூட்டை மூட்டையாக வெங்காயம் அரிகிறவர்கள் ஆண்கள். அதனால் எவருடைய மீசையும் உதிர்ந்துவிடவில்லை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் கல்யாண மண்டபங்களுக்குப் பின்கட்டு வழியே போய்ப் பாருங்கள். தலைமைச் சமையற்காரர் ஆண், ‘மாஸ்டர்’ என்ற பட்டத்தோடு நிற்கிறார். இரவெல்லாம் உட்கார்ந்து காய் அரியும் பெண்களுக்குப் பட்டம் எதுவுமில்லை. கூலியும் அவருடையதைவிடக் குறைவு. மீன் அங்காடியில் அரிவாள்மனையோடு அமர்ந்து, வஞ்சிரத்தை வேண்டிய கனத்தில் துண்டுபோட்டுத் தரும் பெண்ணுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியாவது உண்டு. அதே பெண் வீட்டுக்குப் போய் அதே அரிவாள்மனையில் அமர்ந்தால் அது கடமை, அன்பு, பெண்மை! வாசற்படியைத் தாண்டியதும் திறனின் விலை மறைந்துபோகும் இந்த மாயத்தை எந்தப் புராணத்திலும் கண்டதில்லை.

2020 மே மாதம் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டு, காய்கறிச் சந்தை பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. நோய்த்தொற்றுக் காலம், உணவகங்களில் அமர்ந்துண்ண முடியாது, விடுதிகளில் சமையல் நின்றது. அந்நாட்களில் கையில் பணமும், வாசலில் காய்கறி வண்டியும் இருந்தும், சமைக்கத் தெரியாமல் ரொட்டித் துண்டைத் தின்று காலந்தள்ளிய இளைஞர் எத்தனை பேர்! ஆள் இருக்கும்வரை சொத்தாக இருந்த தெரியாமை, ஆள் இல்லாதபோது அறியாமை ஆயிற்று.

இப்போது இன்னொரு தரப்பார் வருகிறார்கள். “நறுக்கிய காயே பெட்டியில் கிடைக்கிறது, கைப்பேசியைத் தொட்டால் சாப்பாடு வாசலுக்கு வருகிறது. இனி எதற்குக் கத்தி?” என்கிறார்கள். நறுக்கிய காயை யாரோ நறுக்கினார் அல்லவா? நம் கையிலிருந்து கத்தி மறைந்தால் அது இல்லாமற் போய்விடவில்லை. இன்னும் குறைந்த கூலிக்கு இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. வாங்குவது தவறு என்று சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகும் பெண் நறுக்கிய காயை வாங்கி அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் நாம் மகிழ்வோம். ஆனால் தெரிந்தும் வாங்குகிறவருக்கு அது வசதி. தெரியாமல் வாங்குகிறவருக்கு அது சார்பு.

அரிவாள்மனையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. கத்தியில் காய் நிற்கிறது, அலகு நகர்கிறது. அரிவாள்மனையில் அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. மனையைக் காலால் மிதித்து அழுத்திக்கொண்டு, இரு கையாலும் காயைப் பற்றித் தள்ள வேண்டும். இரு கையும் காயின்மேல் இருப்பதால் பூசணி போன்ற பெருங்காயும் அடங்கும், கீரையும் நூலாக அரிபடும். அருமையான கருவி, ஐயமில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தவர்க்கென்றே செய்யப்பட்ட கருவி. நாற்காலியில் அமர்ந்தவன் குனிந்து பார்க்கும் உயரத்தில் அது இருந்தது. மாடிக் குடியிருப்புகள் வந்தன, இடுப்புயரத்தில் சமையல் மேடை வந்தது, கத்தியும் பலகையும் வந்தன. “எனக்குத் தரையில் உட்கார வராது” என்ற ஆணின் சாக்கும் அன்றே செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை. கருவி எழுந்து நின்றுவிட்டது, வழக்கம் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறது!

இதில் அறிவியலும் உண்டு. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அது காயில் இறங்காமல் வழுக்கும், நாம் கூடுதலாக அழுத்துவோம், அழுத்திய வேகத்தில் விரலில் பாயும். வெங்காயம் கண்ணைக் கரிப்பது அதன் உயிரணுக்கள் நசுங்கும்போது கிளம்பும் ஆவியால். கூரிய அலகு குறைவாக நசுக்கும், ஆவியும் குறையும். விரல் நுனியை உள்மடக்கி, விரற்கணு அலகுக்கு வழிகாட்ட நறுக்கினால் கண்ணை மூடிக்கொண்டும் நறுக்கலாம். மிகையாகச் சொல்லவில்லை. பூவிருந்தவல்லி, பார்வையற்றோர் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் பெயர்பெற்ற ஊர். பார்வையற்றோர் மறுவாழ்வுப் பயிற்சியில் உலகெங்கும் அன்றாட வாழ்வுத் திறன் என்றொரு பகுதி உண்டு: பணத்தைத் தடவி அறிதல், உடை உடுத்தல், தனியே சாலை கடத்தல், காய் நறுக்குதல், அடுப்பு மூட்டுதல். அங்கே கத்தி பிடிக்கக் கற்பது விடுதலையாக எண்ணப்படுகிறது. இன்னொருவர் கையை எதிர்பாராமல் வாழும் உரிமையாக எண்ணப்படுகிறது. கண்ணில்லாதவர்க்கு விடுதலையான ஒன்று கண்ணுள்ள ஆணுக்கு மட்டும் இழிவாவது எப்படி?

கணக்கும் இருக்கிறது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 100க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களிலும் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 ஆயிற்று. பத்து நிமிடம் குறைந்தது, நல்லதே. ஆணின் நேரம்? கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். 88 நிமிடம்! அவரும் ஒன்பது நிமிடம் ஓய்வு எடுத்துக்கொண்டார்.

நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். இல்லத்தரசியின் உழைப்பும் குடும்பச் சொத்தைச் சேர்த்ததில் பங்குடையது என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதை உதவி என்னாமல் ‘உரிமை’ என்று பெயரிட்டதை நாம் பாராட்டுகிறோம். பெண்ணின் கையில் பணம் வருவது பெரிது. ஆயினும் பணம் உழைப்புக்கு மதிப்புத் தரும். கத்தியைக் கைமாற்றித் தராது.

கைமாற்றும் இடம் பள்ளிக்கூடம். சுவீடனில் 1962 முதல் மனையியல் ஆண் பெண் இருபாலர்க்கும் கட்டாயப் பாடம். ஜப்பானில் நடுநிலைப் பள்ளியில் 1993இலும், மேல்நிலைப் பள்ளியில் 1994இலும் அவ்வாறு ஆயிற்று. நம் நாட்டில் மனையியல் என்றால் பெண்கள் பள்ளிப் பாடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படத்தைப் போட்டார்கள். அது நாடெங்கும் செய்தியாயிற்று. தந்தை தேங்காய் துருவுவது செய்தியாகும் நாட்டில் இருக்கிறோம் என்பதே வேதனை. எனினும் படம் வந்ததே, மகிழ்ச்சி. இங்கும் வரட்டும், படத்தோடு நிற்காமல் கத்தியும் பலகையுமாக வரட்டும்.

செங்கல்பட்டில் 1929இல் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை கேட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டமன்றம் கூட வேண்டும், பெரும்பான்மை வேண்டும், ஆட்சி வேண்டும். அடுக்களைக்கு இவற்றுள் எது வேண்டும்? இன்று இரவே நிறைவேற்றக்கூடிய தீர்மானம் இது. பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை மனப்பாடமாக ஒப்பிக்கும் தோழர், அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “சாப்பாடு ஆயிற்றா?” என்று உள்நோக்கிக் குரல் கொடுப்பதை நாம் அறியாமலில்லை. படிப்பகத்துக் கூட்டங்களிலும் அப்படித்தான். மேடையில் தோழர் பேசுவார்; பின்னால் தோழியர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு பெண் விடுதலையைப் பற்றியதாக இருந்தால் வெங்காயம் சற்று அதிகமாக வேண்டியிருக்கும், கூட்டம் அதிகம் அல்லவா!

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் படிப்பகத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. அடுத்த கூட்டத்து உணவுக்குக் காய் அரியும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்கட்டும். தோழியர் மேடையில் பேசட்டும். முதல்நாளே வாழைப்பூவில் கைவைக்க வேண்டா. ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும், கையில் ஏறிய கறையும் எளிதில் போகாது. வெண்டைக்காயில் தொடங்குக. முதலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்குக. நறுக்கியபின் கழுவினால் கொழகொழத்துப்போகும். கத்தியை முதல்நாளே சாணை பிடித்து வைத்துக்கொள்க. கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாமல் விலகி நிற்க. எல்லாம் முடிந்ததும் பலகையையும் கத்தியையும் நறுக்கியவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதற்காக எந்தத் தோழியையும் அழைக்கக் கூடாது.